ஜீவனாம்சத்துக்கு இல்லாத காசு, வேவுக்கு உண்டாம்!

படவேட்டில் புருஷன் தறியில் உட்கார்ந்தால் தார் சுற்றித் தருபவள் மனைவி. அவளுக்குத் தனிக்கூலி கிடையாது. விரட்டப்பட்ட பின் ஜீவனாம்சம் கேட்டால் கையில் காசில்லையாம்! பட்டணத்து வசதிக்காரனும் இதையே சொல்கிறான்; ஆனால் அவளை வேவு பார்க்கத் துப்பறியும் ஏஜென்சிக்குக் கட்டக் காசு இருக்கிறது. நம் ஊருக்கு ஏஜென்சி எதற்கு? திண்ணைப் பேச்சே போதும்.

497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. 'சோரத்தில் வாழும்' மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்ற விதியோ இன்றும் நிற்கிறது. கள்ளக்காதலனுக்கு இருந்த ஜெயில் போயிற்று. மனைவிக்குப் பட்டினி போகவில்லை!

ஒருநாள் சந்திப்பு போதாது, தொடர்ந்து அப்படி வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பிள்ளைக்குரிய பங்கை எந்தப் போட்டோவும் தடுக்காது. இரு தரப்பும் வரவு செலவு, சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டுமென 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேவுக்குக் கொடுத்த கூலியையும் அதில் எழுதச் சொல்லி நம் சகோதரிகள் கேட்கட்டும்.