அந்தச் சிவிங்கிப் புலி என்ன ஆயிற்று?

துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தைப் போல மனத்துக்கு நிம்மதி தருவது வேறொன்றும் இல்லை என்று சொல்கிறார்கள். கொலைகாரன் அகப்பட்டுவிட்டான், இல்லாவிட்டால் செத்துப் போனான். கதாநாயகி பிழைத்துக்கொண்டாள். துப்பறிகிறவர் சுங்கானைப் பற்ற வைத்துக்கொண்டு, தாம் எல்லாவற்றையும் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நண்பருக்கு விளக்குகிறார். வாசகர் புத்தகத்தை மூடுகிறார், விளக்கை அணைக்கிறார், தூங்கிப் போகிறார்.

எனக்கோ அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் ஆத்திரம் பிறக்கிறது. வில்லனுடைய நாய் எங்கே? அவன் மடியில் படுத்திருந்த பூனை எங்கே? அவன் கூண்டில் வைத்திருந்த கிளிக்கு மறுநாள் காலையில் பழம் நறுக்கி வைத்தது யார்? இதற்கெல்லாம் பதில் சொல்லாத கதையை முடிந்த கதை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. "இந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லை" என்று சிரிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு மேலே படித்தால் போதும்.

முதலில் சர் ஆர்தர் கானன் டாயிலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். சில்லறை எழுத்தாளர்களைத் திட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது? அவர் 1892-ல் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளுள் 'புள்ளி போட்ட நாடா' என்று தமிழில் சொல்லக்கூடிய கதை ஒன்று. அதில் வரும் டாக்டர் கிரிம்ஸ்பி ராய்லட் ஒரு காலத்தில் கல்கத்தாவில் வைத்தியத் தொழில் நடத்தியவர். அங்கே கோபாவேசத்தில் தம் இந்திய வேலைக்காரனை அடித்தே கொன்றுவிட்டு, நெடுங்காலம் சிறையில் கிடந்து, பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பியவர். ஸர்ரே மாகாணத்தில் உள்ள தம்முடைய பாழடைந்த மாளிகையில் அவர் மூன்று பிராணிகளை வைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து அவருக்கு வேண்டியவர் ஒருவர் அனுப்பி வைத்தவையாம். ஒன்று விஷப் பாம்பு. அதைக் கொண்டுதான் அவர் பெண் கொலை செய்கிறார். மற்ற இரண்டில் ஒன்று சிவிங்கிப் புலி. இன்னொன்று பபூன் என்னும் பெருங்குரங்கு. (நம் நாடகக் கொட்டகைப் பபூன் அல்ல. இந்தக் குரங்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் உண்டே தவிர, இந்தியாவில் கிடையாது. அதை நம் தலையில் கட்டியதற்காக டாயில் மீது தனி வழக்கே போடலாம், இப்போது வேண்டாம்.)

இந்தப் புலியும் குரங்கும் இரவும் பகலும் தோட்டத்தில் அவிழ்த்து விட்டபடி திரிகின்றன. கிராமத்து ஜனங்கள் எஜமானருக்கு எவ்வளவு பயந்தார்களோ, ஏறக்குறைய அவ்வளவு இவற்றுக்கும் பயந்தார்கள். ஹோம்ஸும் வாட்ஸனும் இருட்டில் தோட்டத்தின் வழியே வரும்போது அந்தக் குரங்கு குறுக்கே ஓடுகிறது. வாட்ஸனுக்கு உடம்பு நடுங்குகிறது. நமக்கும் நடுங்குகிறது. அப்புறம்? பாம்பு தன் எஜமானரையே கடித்துவிடுகிறது. டாக்டர் ராய்லட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து போகிறார். ஹோம்ஸ் பாம்பைப் பிடித்து இரும்புப் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிறார். கதாநாயகி ஹெலனைக் காலை ரயிலில் ஹாரோவில் இருக்கும் அத்தையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கதை முடிந்தது.

சிவிங்கிப் புலி எங்கே? குரங்கு எங்கே? மூச்சுக் காட்டவில்லை! ரயில் எந்த நேரத்து ரயில், அத்தை எந்த ஊர் அத்தை என்று சொல்வதற்கு இடம் இருந்தது. பூட்டப்படாத தோட்டத்தில் பசியோடு அலையும் ஒரு புலியைப் பற்றி ஒரு வரி எழுத இடம் இல்லை. இரும்புப் பெட்டிக்குள் போன பாம்பைப் பிறகு யார் திறந்து பார்த்தார்கள் என்றும் தெரியவில்லை. இந்தக் கதையைப் பற்றி எத்தனையோ அறிவாளிகள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அது என்ன ஜாதிப் பாம்பு, பாம்பு கயிற்றில் ஏறி இறங்குமா, சீழ்க்கைச் சத்தத்துக்குக் கட்டுப்படுமா என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாம்பின் கோத்திரத்தை விசாரிப்பதில் இருக்கும் அக்கறை அதன் கதியை விசாரிப்பதில் இல்லை.

இதில் இன்னும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. சர்க்கார் விசாரணையில் என்ன தீர்ப்பு வந்தது தெரியுமா? அபாயகரமான ஒரு வளர்ப்புப் பிராணியோடு அஜாக்கிரதையாக விளையாடியதால் டாக்டர் மாண்டார் என்று எழுதி முடித்துவிட்டார்களாம்! வளர்ப்பு மகளைக் கொன்றவர் காகிதத்தில் அஜாக்கிரதைக்காரர். பழி பாம்பின் தலையில். உண்மை தெரிந்த ஹோம்ஸும் வாட்ஸனும் இதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று நம்மவர்கள் கேட்டார்களே, அந்தக் கேள்வி லண்டன் பேக்கர் தெருவுக்கு எட்டவில்லை போலும்.

ஏதோ ஒரு கதையில் நேர்ந்த மறதி என்று இதைத் தள்ளிவிடலாமா? முடியாது. அதே 1892-ல் வந்த 'காப்பர் பீச்சஸ்' கதையைப் பாருங்கள். ருகாஸில் என்கிற கனவான் தம் மகளை அறையில் பூட்டி வைக்கிறார். காவலுக்குக் கார்லோ என்று ஒரு பெரிய நாய். அது எப்போதும் வெறியோடு இருக்க வேண்டும் என்பதற்காக அதற்கு வயிறாரச் சோறு போடுவதில்லை. கடைசியில், சோறு வைக்க வேண்டிய வேலைக்காரன் குடித்துவிட்டுக் கிடந்ததால் நாய் இரண்டு நாள் முழுப் பட்டினி. அவிழ்த்து விட்டதும் அது எஜமானர் மீதே பாய்கிறது. வாட்ஸன் ஓடி வந்து அதைச் சுட்டுக் கொல்கிறார். ஒரு மனிதன் உயிரைக் காப்பாற்ற அந்த நிமிஷத்தில் வேறு வழி இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிற்பாடு வருகிற கணக்கைப் பாருங்கள். ருகாஸில் பிழைத்துக்கொண்டார், மனைவி அருகில் இருந்து சிசுருஷை செய்கிறாள். மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மொரீஷியஸ் தீவில் உத்தியோகம். ஆசிரியைப் பெண் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைவி ஆனாள். குடிகார வேலைக்காரனுக்குக்கூட வேலை போகவில்லை! குற்றம் செய்தவன், உடந்தையாக இருந்தவன், கடமை தவறியவன் எல்லோருக்கும் வாழ்வு. பட்டினி போடப்பட்ட பிராணிக்கு மட்டும் துப்பாக்கிக் குண்டு. அதற்காக ஒரு அனுதாப வார்த்தை? கிடையாது.

1386-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பலேஸ் நகரத்தில், ஒரு குழந்தையைக் கொன்றதற்காக ஒரு பன்றியின் மீது வழக்கு நடத்தி அதற்கு மரண தண்டனை விதித்தார்கள். நாம் அதைப் படித்துவிட்டு, 'என்ன மூடத்தனம்!' என்று சிரிக்கிறோம். அந்தப் பன்றிக்காவது ஒரு விசாரணை நடந்தது. கார்லோவுக்கு அதுவும் இல்லை.

"கதை என்றால் அப்படித்தான் ஐயா! வேகம் கெட்டுவிடாதா?" என்று என் சக எழுத்தாளர்கள் கேட்பார்கள். வேகம் கெடாமல் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வில்கி காலின்ஸ் 1859-60-ல் 'வெள்ளை உடைப் பெண்' என்ற நாவலைத் தொடர்கதையாக எழுதினார். அதில் வரும் போஸ்கோ பிரபு சாமானிய வில்லன் அல்ல; ஒரு பெண்ணை வேறொருத்தியின் பெயரால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைப்பதற்குச் சூழ்ச்சி செய்தவன். அவனுக்குச் சில வெள்ளெலிகள், சில பாடும் பறவைகள், ஒரு கொண்டைக் கிளி. குட்டு வெளிப்பட்டு இரவோடு இரவாக ஊரை விட்டு ஓட வேண்டிய நெருக்கடி. அந்த நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? பறவைகளையும் கிளியையும் லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொடுத்துவிடுவதாக முறைப்படி பத்திரம் எழுதுகிறான். "எலிகளை அதில் சேர்க்கவில்லையே?" என்று மனைவி கேட்கிறாள். அவற்றைப் பிரிய மட்டும் தன்னால் ஆகாது என்று சொல்லிப் பிரயாணக் கூண்டைக் கொண்டு வரச் சொல்கிறான். இதனால் கதையின் வேகம் கெட்டதா? இன்றைக்கும் அந்த நாவலைப் படித்தவர்கள் கதாநாயகனை மறந்தாலும் மறப்பார்கள். எலிகளோடு போன போஸ்கோவை மறக்க மாட்டார்கள்.

டிக்கன்ஸும் மறக்கவில்லை. 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் பில் ஸைக்ஸ் என்ற கொலைகாரன், தன் நாயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து அதை நீரில் மூழ்கடிக்கப் பார்க்கிறான். அது தப்பி ஓடிவிடுகிறது. ஓடிய நாய் பிறகு அவனைத் தேடிக்கொண்டே வருகிறது. அவன் கழுத்தில் கயிறு இறுகித் தொங்கும்போது, கூரையிலிருந்து அவன் தோளை நோக்கித் தாவி, குறி தவறிக் கீழே விழுந்து தலை சிதறிச் சாகிறது. கொடூரமான முடிவுதான். ஆனாலும் முடிவு. அந்த நாயும் ஒரு ஜீவன், அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஆக்ஷேபணை இதைவிடக் கனமானது. "மனிதர்கள் பட்டினி கிடக்கிற உலகத்தில் கற்பனைப் புலியின் பசிக்கு என்ன அவசரம்?" என்பார்கள். கற்பனைக் கதாநாயகிக்காகத் தலையணையை நனைக்கிறவர்கள் இதைக் கேட்கக் கூடாது என்பது இருக்கட்டும். நான் சொல்வது புலியைப் பற்றி மட்டும் அல்ல. நிஜ வாழ்க்கையில் போலீஸார் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். அவனை நம்பியிருந்த கிழத் தாய், பள்ளிக்கூடம் போகும் குழந்தை, கொல்லையில் கட்டியிருக்கும் மாடு எல்லோருக்கும் மறுநாள் பொழுது விடியத்தானே செய்யும்? 'அவனைச் சேர்ந்தவர்கள்தானே, படட்டும்' என்று தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. இந்தக் கல் நெஞ்சை நமக்குக் கற்றுக் கொடுத்தவை எவை? வில்லனோடு வில்லனைச் சேர்ந்தவை எல்லாம் ஒழிந்ததாக வைத்துக்கொண்டு, நிம்மதியாகப் புத்தகத்தை மூடச் சொல்லிய கதைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி. நாயை மறக்கப் பழகிய மனசு குழந்தையை மறக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளாது.

சட்டம்கூட இந்த விஷயத்தில் கதாசிரியர்களை முந்திக்கொண்டுவிட்டது. வழக்குகளில் கைப்பற்றப்படும் பிராணிகளை எங்கே வைப்பது, பராமரிப்புச் செலவு யார் பொறுப்பு என்பதற்கென்றே இந்திய சர்க்கார் 2017-ல் விதிகள் வகுத்திருக்கிறது. நாவலாசிரியருக்கு இல்லாத ஞாபகம் குமாஸ்தாவுக்கு இருக்கிறது!

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நிஜ உதாரணம் உண்டு. கொலம்பியா தேசத்தில் பாப்லோ எஸ்கோபார் என்ற போதைப் பொருள் வியாபாரி, தன் பண்ணையில் சொந்தமாகவே ஒரு மிருகக்காட்சிச் சாலை வைத்திருந்தான். 1993-ல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். பிராணிகளைப் பல இடங்களுக்கு அனுப்பினார்கள். நான்கு நீர்யானைகளை மட்டும், தூக்கிச் செல்வது கஷ்டம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நான்கு இன்றைக்கு 160-ஐத் தாண்டிப் பெருகி மக்தலேனா நதிக்கரையெல்லாம் பரவிவிட்டன. 2022-ல் அவற்றை அந்நாட்டு இயற்கைக்குக் கேடு செய்யும் இனம் என்று அரசாங்கம் அறிவித்தது. கருத்தடை செய்வதா, வேறு நாட்டுக்கு அனுப்புவதா, கொல்வதா என்று விவாதம் நடந்தது. கொண்டு வந்தவன் ஒருவன், விட்டுப் போனவர்கள் வேறு சிலர், தண்டனை நீர்யானைக்கு. ராய்லட்டின் தோட்டத்தில் நடந்ததும் இதுதான்.

அந்தச் சிவிங்கி நம் நாட்டுப் பிராணி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1952-ல் இந்தியாவில் அந்த இனமே அற்றுப் போயிற்று என்று அறிவித்தார்கள். 2022-ல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை ஆகாய விமானத்தில் தருவித்துக் குனோ காட்டில் விட்டார்கள். இல்லாமல் போன பிறகு இத்தனை பாடுபடுகிறோம். இருந்தபோது கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கதையிலேயே தொலைந்து போன ஒன்றைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக யாருக்கும் கவலை இல்லை.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். 'சிவிங்கியையும் குரங்கையும் லண்டன் மிருகக்காட்சிச் சாலையார் வந்து கொண்டு போனார்கள்' என்று டாயில் எழுதியிருந்தால் காகிதம் தீர்ந்து போயிருக்குமா? அந்த ஒரு வரியை எழுத மனம் இல்லாதவர்கள் கதைக்குள் பிராணிகளைக் கொண்டுவர வேண்டாம். வில்லனின் பயங்கரத்தைக் காட்ட வேறு வழி தெரியாவிட்டால் அவனுக்குப் பெரிய மீசை வைத்துவிடட்டும். மீசைக்குச் சோறு போட வேண்டியதில்லை.

வாசகர்களிடம் கேட்பதும் சிறிய விஷயந்தான். அடுத்த தடவை ஒரு தொடர்கதையில் வில்லன் கைதானதும், 'அவன் நாய் என்ன ஆயிற்று?' என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். பத்துப் பேர் எழுதினால் போதும். பதினோராவது கதையில் நாய்க்குச் சோறு கிடைத்துவிடும்.