வாரம் ஒரு நாள் நடக்கிறோம்

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

மலையேற்றம் என்று சொன்னால் நம் கல்லூரி நண்பர்கள் சிரிக்கிறார்கள். "இராயபுரத்தில் ஏதப்பா மலை?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கடலரிப்பைத் தடுப்பதற்காகக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இடையிடையே கொட்டி வைத்திருக்கும் கருங்கல் குவியலே நம் பகுதியில் ஏறி இறங்கத்தக்க ஒரே மலை. ஆயினும் 2023-இல் முதலாண்டு வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, மழையும் தேர்வும் தடுத்த வாரங்கள் நீங்கலாக, நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் நடந்து வருகிறோம். அந்த நடையைப் பற்றியும், அதற்கு இப்போது வந்திருக்கும் ஒரு தடையைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் கூட்டத்திற்குப் பெயர் இல்லை. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு இராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்திற்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும். தேநீர்ச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். சட்டதிட்டம் இவ்வளவுதான். என் வகுப்பு நண்பர்கள் மூவர், டயர் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து நேரே வந்து சேரும் ஓர் அண்ணன், எண்ணூர்க் குப்பத்து மீனவ நண்பன் ஒருவன், பொருளாதாரம் படிக்கும் மாணவியர் இருவர் என்று என்னோடு சேர்த்து எண்மர் தவறாமல் வருகிறோம்.

அம்மாணவியருள் ஒருத்தியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் முதல் வாரம் அவள் தாயாரும் உடன் வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். திருவொற்றியூரை எட்டுவதற்குள் எங்களை எல்லாம் வெகுதூரம் பின்னே விட்டுவிட்டார். "இதுக்குப் பேரு நடையா? அப்போ நான் தெனம் நடக்கறேனே, அதுக்கு இன்னா பேரு?" என்று திரும்பி நின்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. அடுத்த வாரம் முதல் மகளைத் தனியே அனுப்பினார்.

எங்கள் வழக்கமான வழி கடலோரமாக வடக்கே செல்வது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரத்தில் தொடங்கி, காசிமேட்டு ஏலச் சத்தத்தைக் கடந்து, பட்டினத்தார் ஒடுங்கியதாகச் சொல்லப்படும் திருவொற்றியூரில் ஒரு தேநீர். பிறகு ஆலைச் சுவர்களின் ஓரமாக எண்ணூர் முகத்துவாரம். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. வகுப்பில் நாம் படித்த சென்னைத் துறைமுக வரலாற்றை இந்த வழியில்தான் நான் விளங்கிக்கொண்டேன். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகச் சுவர் எழுந்தபோது அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகன்றது, வடக்கே எங்கள் கரை தேய்ந்தது. மெரினாவில் காற்று வாங்கும் அன்பர்கள் காலடியில் இருப்பது எங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணல் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் வேடிக்கை பாதிதான்.

முகத்துவாரத்தில் நிற்கும்போது மீனவ நண்பன்தான் எங்களுக்கு ஆசிரியன். எங்கே இறால் கிடைத்தது, எங்கே இப்போது அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கால் புதைகிறது என்று கை நீட்டிக் காட்டுவான். 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளிகளில் அதை அள்ளியதைப் பள்ளிச் சிறுவனாக இருந்து பார்த்தவன் அவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியது. அந்த ஞாயிறு நாங்கள் நடக்கவில்லை. அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையைத் துடைத்துப் பார்த்தோம். போகவில்லை. அவன் தந்தை, "விடுங்க தம்பி, இது போவாது" என்று சொல்லி எங்களுக்குத் தேநீர் வாங்கி வரச் செய்தார்.

கொசத்தலையாறு எண்ணூரில் கடலில் சேருகிறது என்பது நமக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியே எங்களைப் பூண்டிக்கு இழுத்துச் சென்றது. திருவள்ளூர் வரை மின்சார ரயில், அதன் பிறகு பேருந்து. அந்த ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் தோழர் வில்லியம் கிங்கும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு தலைமையில் அங்கே அகழ்ந்தவர்கள், அக்கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். அருகே குடியம் மலைக் குகைகள். உருண்டைக் கூழாங்கற்களை அள்ளிப் பிசைந்து வைத்ததுபோன்ற பாறை. அண்ணாந்து பார்த்தால் எந்தக் கல் எப்போது தலையில் விழுமோ என்று தோன்றும். அப்படிப்பட்ட கூழாங்கல்லை உடைத்துத்தான் ஆதி மனிதன் கைக்கோடரி செய்தான். பாடநூலில் ஒரு பத்தியாக இருந்த செய்தி அந்தக் குகை வாயிலில் நின்றபோது உள்ளங்கையில் கனத்தது. நம் ஊர் முகத்துவாரத்தில் சாம்பலோடு கலக்கும் நீர், இந்தக் கற்களை உருட்டி விளையாடிய ஆற்றின் நீர் என்பதை நினைக்கையில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எந்தச் சொற்பொழிவும் எனக்குத் தந்ததில்லை.

எங்கள் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் இரண்டாம் முறை குடியம் சென்றபோது, வழி தெரியும் என்ற மிதப்பில் யாரையும் கேட்காமல் காட்டுக்குள் நுழைந்தோம். முள்ளும் புதருமான காடு. எல்லா ஒற்றையடிப் பாதையும் ஒன்றுபோலவே இருக்கும். பதினொரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. பன்னிரண்டரைக்கு என் நண்பன் ஒருவன் கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைக் கண்டு, தம் தூக்குவாளியில் இருந்த கூழை அவனுக்கு ஊற்றிக் கொடுத்து, ஊர்வரை கொண்டுவந்து விட்டார். வழிநெடுக ஏசிக்கொண்டே வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஏசியது சரி.

ஆகையால், காட்டுக்குள் எவரும் நினைத்தபடி போகலாம் என்று வாதிட நான் வரவில்லை. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க முடியாது. அவர்களும் நம்மைப்போல் வார விடுமுறையில் மலை பார்க்கப் போன இளைஞர்களே. அதன் பிறகு அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கி, முன்பதிவு செய்து செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. குடியமும் அந்த நாற்பதில் ஒன்று. நல்ல திட்டம் என்றே சொல்வேன். அந்தப் பாட்டியின் பேரன் வழிகாட்டியாகி ஊதியம் பெறுவான் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

என் மனக்குறை கட்டணத்தில்தான். பாதைக்கு ஏற்பச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை. எங்கள் எண்மருக்குக் கூட்டிப் பார்த்தால் மயக்கம் வருகிறது. அதற்குக் கூழும் உதவாது. என் தந்தை துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவ்வளவு பணம் கேட்க எனக்கு நாக்கு எழாது. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் எப்படியாவது சேர்த்துவிடலாம். ஆனால் எங்களுடையது வாரந்தோறும் நடக்கும் நடை. ஒருமுறை பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவது சுற்றுலா. திரும்பத் திரும்பச் செல்பவனுக்குத்தான் எந்த மரம் எந்த மாதம் பூக்கிறது, எந்த ஓடை வற்றியது என்பது தெரியும். கட்டணம் அந்தத் திரும்பச் செல்லுதலைத்தான் வெட்டிவிடுகிறது.

மலையேற்றம் வசதி படைத்தோர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. மாசி முதல் வைகாசி வரை ஊன்றுகோலோடு வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கும் எளிய மக்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நம் நகரிலேயே 2008-இல் பீட்டர் வான் கெயிட் என்னும் பெல்ஜியக்காரர் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப், செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் வாரந்தோறும் இளைஞர்களை நாகலாபுரம் மலைக்கு அழைத்துச் சென்றது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நம் வடசென்னை போன்ற ஆலை நகரம். ஞாயிறு ஒரு நாள் புகையிலிருந்து தப்ப நினைத்த அந்நகர்த் தொழிலாளர்களுக்கு எதிரே தெரிந்த மலையில் கால்வைக்க உரிமையில்லை; அது செல்வர்கள் பறவை வேட்டையாடும் இடம். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் மலையில் ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். 1951-இல் அந்தப் பகுதியே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஸ்பெயின் நாட்டில் அரசின் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்துப் பதவி இழந்த பேராசிரியர் பிரான்சிஸ்கோ ஹினெர், 1876-இல் தோழர்களோடு மாட்ரிட் நகரில் ஒரு தனிக் கல்வி நிலையம் கண்டார். மாணவர்களை அழைத்துக்கொண்டு குவாதர்ராமா மலைக்கு நடந்து செல்வது அங்கே கல்வியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஓடையில் தண்ணீர் குடித்தால் வகுப்பறையில் கேள்வி கேட்கும் பயம் போய்விடும் அல்லவா?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அரசுக் கல்லூரி மாணவர் என்பதால் இலவசப் பேருந்து அட்டை நமக்குக் கிடைக்கிறது. அதே அட்டையைக் காட்டினால், மாதத்தில் ஒரு ஞாயிறேனும், குடியம் போன்ற அருகிலுள்ள பாதைகளில் வழிகாட்டியின் ஊதியத்தை அரசே ஏற்று நம்மை அனுப்பட்டும். முன்பதிவும் கட்டுப்பாடும் இருக்கட்டும், தீக்காலத்தில் மூடிவைக்கட்டும், பெயர் எழுதிக்கொள்ளட்டும். வழிகாட்டிக்கு ஒரு காசும் குறைய வேண்டாம். இதைக் கேட்டு வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். இம்மலர் வெளிவரும் வாரம் நூலக வாயிலில் அது இருக்கும். கையெழுத்திட விரும்புவோர் வகுப்பும் பாடமும் குறிப்பிட்டு எழுதுக.

அதுவரை கடலோர நடை தொடர்கிறது. நம் துறைப் பேராசிரியர் ஒருவரை அழைத்தபோது, முழங்கால் வலி என்று தயங்கினார். ஐயா, எண்ணூர் வரை வர வேண்டாம். திருவொற்றியூர் தேரடி வரை வாருங்கள். அங்கிருந்து திரும்ப மெட்ரோ இருக்கிறது. தேநீர்க் காசு நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.