கிண்டும் கைக்கு ஓய்வு வேண்டும்



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அந்தப் பால்கோவாவைக் கிண்டும் கையைப் பற்றி இந்த மாதம் பேசலாம். விறகடுப்பில் இரும்புச் சட்டி. பால் சுண்டும்வரை கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். பதம் நெருங்க நெருங்கப் பால் இறுகும், கரண்டி கனக்கும், பிடியை மட்டும் தளர்த்த முடியாது. ராஜபாளையம் நூற்பாலைகளிலும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளிலும் வேலை வேறு. பிடியும் திருகலும் ஒன்றுதான்.

இப்படி ஓயாமல் உழைக்கும் கைக்கு வருகிற வலி ஒன்று உண்டு. தம்ளரைத் தூக்கினால் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்கிறது. ஈரத்துணியைப் பிழிய முடிவதில்லை. டாக்டர்கள் இதை டென்னிஸ் எல்போ என்பார்கள். சச்சின் டெண்டுல்கர் 2005-இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது இதற்காகத்தான். ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகத் தூக்கும் தசையின் நாண் முழங்கை எலும்பில் ஒட்டும் இடத்தில் நார்நாராக நைந்து, ஆறாமல் கிடக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களே பின்தங்கியிருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-லும் 2013-லும் காட்டினார்கள். வலி திரும்பும்போதெல்லாம் ஊசிக்கு ஓடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பளுவைக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைப் பொறுமையாகச் செய்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆறு மாதம், ஓராண்டு முறையாகப் பார்த்தும் வலி விடாதவர்களுக்குத்தான் நுண்துளை சிகிச்சை. ஒரு முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே நைந்த நாணுக்குள் ஊசியைச் செலுத்தித் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். அங்கே புதிதாக ரத்தம் கசிந்து, நின்றுபோன ஆறும் வேலை மறுபடி தொடங்குகிறது. அதிரும் ஊசியால் நைந்த திசுவை உடைத்து உறிஞ்சி எடுக்கும் கருவியும் இருக்கிறது. ஆர்த்ராஸ்கோபியில் சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுக் கெட்ட பகுதியை நீக்குவார்கள். நாளடைவில் இதன் பலனும் திறந்து செய்யும் அறுவையின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதே இதிலுள்ள லாபம். கழுத்து நரம்பு அழுந்தினாலும் இதே இடத்தில் வலிக்கலாம். அதனால் துளை போடுமுன் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

துளை சிறிதென்பதால் மறுநாளே கரண்டியைப் பிடித்துவிட முடியாது. பளு தூக்க வாரக்கணக்கில் ஆகும். கடை முதலாளிகளே, ஆலை நிர்வாகிகளே, அந்த வாரங்களில் சிகிச்சை பெற்ற தொழிலாளர்களுக்குக் கூலி குறையாமல் எடை போடும் வேலையோ கணக்கு வேலையோ கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்