ஓட்டை போடாத கூரை

வானொலியில் மழைச் சத்தம் வேண்டுமென்றால் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். போன டிசம்பர் பள்ளி விடுமுறையில், அதிகாலை 2 மணிக்கு என் மகளின் தலையணையில் சொட்டிய மழையை நிறுத்தத்தான் எந்தப் பொத்தானும் இல்லை.

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன கேம்பிங் டிரெய்லர் அது. வீட்டுக்காரர் நண்பரிடமிருந்து பழையதாக வாங்கியது. ஊர் திரும்பியதும் உள்கூரைப் பலகையைக் கழற்றினோம். பிளைவூட் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. மகளுக்கு இளைப்பு உண்டு. கூரை மாறும்வரை பிள்ளை இதில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். எதைப் போட்டு மாற்றுவது?

வீட்டுக்காரருக்கு அலுமினியம் மேல் ஆசை. 1936இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் படத்தைக் கைப்பேசியில் காட்டிக் காட்டியே அரை நாளை ஓட்டினார். ஆசை தப்பில்லை. அலுமினியம் துருப்பிடித்து உதிராது, எடையும் குறைவு. 1 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 2.7 கிலோதான். அரை மில்லிமீட்டர் சிங்க் தகடே 4 கிலோ வரும். இழுத்துப் போகும் வண்டியில், அதுவும் உச்சியில், ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான். மேலே பாரம் கூடினால் வளைவில் வண்டி ஆடும்.

எனக்கு ரப்பர் கூரை பிடித்திருந்தது. ஈபிடிஎம் என்பார்கள். பலகைமேல் விரித்து ஒட்டும் விரிப்பு. கேம்பிங் வண்டிகளில் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "எங்கப்பா பால்மரம் வெட்டினாரு, நீ அதையே கூரையில போடப் போறியா?" இது மரத்துப் பாலில் வந்ததில்லைப்பா, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர் என்று விளக்க வேண்டியதாயிற்று.

அப்பா புக்கிட் தெங்காவில் லோரி பாடி கட்டும் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவர். ஸ்குரூடிரைவரின் பிடியால் பழைய கூரையைத் தட்டிக்கொண்டே போனார். காய்ந்த மரம் 'டக்' என்றது. ஊறிய மரம் 'தொப்' என்றது. ஒலியை வைத்துப் பிழைப்பவள் நான், எனக்கே அன்றுதான் அது புரிந்தது. 'தொப்' எல்லாம் ஓரங்களிலும், காற்றாடிக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றியும்தான்.

"தகடு எங்கேயும் ஒழுகலம்மா. ஒட்டுதான் ஒழுகுது."

அதற்குப் பிறகு கேள்வியே மாறிவிட்டது. எந்தப் பொருள் நல்லது என்பதை விட்டுவிட்டு, எதில் ஒட்டு குறையும் என்று பார்க்கத் தொடங்கினோம்.

எங்கள் கூரை 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 4க்கு 8 அடித் தகட்டில் நடுவே ஒட்டு வந்தே தீரும். அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நண்பகலில் சுட்டுக் கிடக்கும் தகடு மாலை மழையில் 40 டிகிரி இறங்கினால், 3 மீட்டரில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். மறுநாள் திரும்ப நீளும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் தினமும் இந்தக் கூத்து நடந்தால் ஒட்டுப்பசை எத்தனை காலம் தாங்கும்? போதாததற்கு, உப்புக்காற்றில் இரும்பு ஸ்குரூ தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

ரப்பர் விரிப்பு அகலமாகவே வரும், ஒட்டே வேண்டாம். ஆனால் மரக்கிளை உரசினால் கிழியும், எண்ணெயும் தின்னரும் பட்டால் கெட்டுவிடும். நாங்கள் நிறுத்துவதோ எப்போதும் மரத்தடியில்.

கடைசியில் அப்பா கைகாட்டியது ஃபைபர்கிளாஸ். மீனும் ஐஸ்கிரீமும் ஏற்றும் குளிர் லோரிகளின் பெட்டிக்குப் போடும் அதே வெள்ளைத் தகடு. அகலமான சுருளாக வருவதால் முழுக்கூரையும் ஒரே துண்டில் முடியும். 2 மில்லிமீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. வெள்ளை என்பதால் சூடும் குறைவு. வெயிலில் மேற்பூச்சு மெல்ல மெல்லச் சுண்ணாம்பு போல உதிரும், அவ்வப்போது பார்த்துப் பூச வேண்டும். அந்தக் குறையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன் என் பங்குக்கு ஒரு சோதனை. மூன்று பொருளிலும் ஒரு துண்டு வாங்கி, குழாய்த் தண்ணீரைத் தெளித்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அலுமினியம் தகர டப்பா மாதிரி கத்தியது. ரப்பர் பரம சாது. ஃபைபர்கிளாஸைப் பலகைமேல் வைத்ததும் சத்தம் பாதியானது போல இருந்தது. சின்ன வயதில் தாத்தாவின் தோட்டத்து வீட்டில் சிங்க் கூரை மழையில் தூங்கியவள் நான், கொஞ்சம் சத்தம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தகடு வெட்டிய இரண்டு நாளும் மகளைத் தங்கை வீட்டில் விட்டோம். அந்தத் தூள் நம் மூச்சுக்கே ஆகாது, முகக்கவசம் கட்டாயம். ஊறிய சட்டங்களை எல்லாம் மாற்றினோம். நடுவில் தொய்ந்து குளம் கட்டிய இடம் நிமிர்ந்தது. தகட்டைப் பாலியூரித்தேன் பசையில் ஒட்டி, ஓரத்தைச் சுவருக்கு மடக்கி, பியூட்டைல் டேப் வைத்து, ஸ்குரூவை எல்லாம் பக்கச் சுவரில்தான் அடித்தார் அப்பா. சிலிக்கோன் டியூபை எடுத்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினார். பழைய சிலிக்கோன்மேல் பிறகு எதுவுமே ஒட்டாதாம். காற்றாடிக்கும் கூரையில் இடமில்லை, அது பின்சுவருக்குப் போனது. உயரத்தையோ வடிவத்தையோ மாற்ற நினைப்பவர்கள் மட்டும் முதலில் ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு அரை மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினோம். உள்ளே டார்ச்சோடு நான். கூரை காய்ந்தே இருந்தது. பின்விளக்கு ஒயர் நுழையும் ஓட்டையில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வட்டம் போட்டார்.

"பாப்பாவ அடுத்த வாரம் ஏத்தலாம்."