படகில் இருந்தவன் பந்தயத்தில் இல்லை!

தம்பி!

கடைசியாக வந்தேன்! கடைசி என்றால், எனக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றுதான். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறாய். இல்லை! 38 வயதில், இரவெல்லாம் செய்தித்தாள் அலுவலகத்தில் கண் விழித்துக் கிடப்பவன், கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடியும் முடித்துவிட்டால், கடைசி இடமும் ஓர் இடந்தானே! வெட்கம் வேறொன்றில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டிரையத்லான் என்று பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடித்திட வேண்டும். முக்கூட்டு என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். நம் தோழர் ஒருவர் தேர்தல் உடன்பாடு என்று எண்ணிக்கொண்டு, நமக்கு எத்தனை தொகுதி என்று கேட்டார்! 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றபோது வகுத்த தூரம், 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நான் கலந்துகொண்டது அதில் சரிபாதி. 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். பாதிதானே என்று எண்ணித்தான் பெயர் கொடுத்தேன். பாதி வழியில் அல்லவா தெரிந்தது, பாதி என்பது எவ்வளவு என்று!

சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். காலை ஆறு மணி. நீச்சல் எனக்குத் தெரியும், தம்பி. ஊர்க் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கற்றது. கிணற்றுக்கு அலை உண்டா? உப்பு உண்டா? பக்கத்தில் நூறு பேர் காலை உதறுவதுண்டா? ஊதல் ஒலித்ததும் ஒருவர் குதிகால் என் கண்ணாடியில் பட்டது. அது நெற்றிக்கு ஏறியது. ஒரு வாய் உப்புநீர். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதும் அச்சம் வந்தது. அச்சம் வந்ததும் மூச்சு இன்னும் வாங்கியது. மிதவை எங்கே என்று தலை தூக்கினால் கால் தாழ்ந்தது. கால் தாழ்ந்ததும் உடம்பு கல்லாய்க் கனத்தது.

அப்போதுதான் குரல் கேட்டது. “அண்ணே! மல்லாக்கப் படுங்க. மூச்சு தானா வரும். படகைப் புடிச்சிக்குங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

காவலுக்கு நின்ற படகு. அதில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன். அவன் சொன்னது விதிப்படியும் சரியே. முன்னால் இழுத்துப் போகாதவரை படகைப் பிடித்து இளைப்பாறலாம். பிடித்தேன். எட்டிப் பார்த்தான். சிரித்தான். கேட்டான்: “இதுக்குப் போய் காசு கட்டுனீங்களா அண்ணே?”

தம்பி, அந்தக் கேள்விதான் பிறகு 20 கிலோமீட்டரும் என்னோடு சைக்கிளில் வந்தது!

ஆமாம், காசு கட்டினேன். என் வீட்டில் ஒரு வாரத்து மளிகைக்கு ஆகும் பணம். கரையேறி, மணல் ஒட்டிய காலோடு என் சைக்கிளைத் தேடினால், அது தனியாகத் தெரிந்தது! சுற்றிலும் நின்றவை எட்டுக் கிலோ எடையுள்ள பந்தய வண்டிகள்; அவற்றில் சிலவற்றின் விலைக்கு நம் தோழர் ஒருவர் ஓர் ஆட்டோ வாங்கிப் பிழைப்பு நடத்திடலாம். நடுவில் என் வண்டி, கேரியரும் மட்கார்டும் மணியுமாக, இருபது கிலோவுக்குக் குறையாமல்! எதிர்க்காற்று வேறு. 64 நிமிடம் மிதித்தேன். விர்ரென்று கடந்து சென்றவர்களில் பலர் “வாங்க சார், விடாதீங்க” என்று உற்சாகமூட்டினார்கள். நல்லவர்கள். அவர்களைக் குறை கூற நான் வரவில்லை.

வழியில் யாரைக் கண்டேன் தெரியுமா? சித்தாள் வேலைக்குச் செல்லும் தோழர்கள், சாப்பாட்டுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, என்னைப் போன்ற வண்டியிலேயே என்னை முந்திச் சென்றார்கள்! அவர்கள் மார்பில் எண் இல்லை. மாலையில் அதே தூரம் திரும்பவும் மிதிப்பார்கள். அதற்குப் பதக்கம் இல்லை.

இறங்கி ஓடத் தொடங்கியபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. ஒரு மணி நேரம் வட்டமடித்துப் பழகிய கால், தரையை மறந்துவிடுகிறது. இரண்டு கட்டைகளை இடுப்பில் கட்டிவிட்டாற்போல் இருந்தது. அந்நேரம் நினைவுக்கு வந்தது 2016-ஆம் ஆண்டு மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த பந்தயம். முன்னணியில் ஓடிய இங்கிலாந்து வீரன் ஜானி பிரவுன்லி, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன் வெயிலில் தள்ளாடி நின்றான். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தான் வெல்லக்கூடிய பந்தயத்தை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கோட்டுக்கு அப்பால் தனக்கு முன்னே அவனைத் தள்ளிவிட்டான். தம்பி இரண்டாமிடம், அண்ணன் மூன்றாமிடம். எனக்கு அப்படி ஓர் அண்ணன் வரவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான் அவ்வப்போது நலம் விசாரித்தார். எல்லாமாக இரண்டு மணி இருபது நிமிடம். உலக வீரர்கள் ஒரு மணிக்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிற தூரம் அது!

சரி, வெட்கம் எது என்றேனே, அதற்கு வருகிறேன். அன்று கரையில் நின்ற கூட்டத்தில் கடலை நன்கறிந்தவன் யார்? படகில் இருந்தான். சைக்கிள் மிதித்து வாழ்பவன் யார்? சாலை ஓரமாகத் தூக்கோடு போய்க்கொண்டிருந்தான். பந்தயத்தில் யார் இருந்தது? நான்! விடுமுறை எடுத்து, காசு கட்டி, உப்புநீர் குடித்த நான்!

“யார் தடுத்தது? விருப்பமிருந்தால் வரட்டுமே” என்பார்கள். உண்மை, வாயிலில் காவலாளி இல்லை. கட்டணம் நிற்கிறதே, அது போதாதா? படகுக் காவலுக்கு அன்றைய கூலி பெறுபவன், அந்தக் கூலியை விட்டு, மேலும் பணம் கட்டி நீந்த வேண்டும் என்றால், வருவானா? நடத்துபவர்களுக்கும் செலவு உண்டு. படகு, மருத்துவர், போக்குவரத்துக் காவல், எல்லாம் பணந்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பந்தயம் பிறந்தபோது இப்படிச் சீமான்களின் சொத்தாகவா பிறந்தது? கேள் தம்பி!

1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை. அமெரிக்காவில் சான்டியேகோ நகரத்து மிஷன் விரிகுடா. வேலை முடிந்து வந்தவர்கள் கலந்துகொள்ளும்படி மாலை 5.45-க்குத் தொடக்கம். ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷனகன் என்ற இருவர், தங்கள் ஓட்டக் கழகத்தின் பெயரால் நடத்தினார்கள். கோப்பை செய்பவன் தொலைபேசியில், டிரையத்லான் என்பதற்கு எழுத்து என்ன என்று கேட்டானாம். அகராதியில் தேடினால் அந்தச் சொல்லே இல்லை! அறிவிப்பில் கண்ட நிபந்தனை என்ன? அவரவர் சைக்கிளை அவரவர் கொண்டுவர வேண்டும். எந்தச் சைக்கிள், எத்தனை கிலோ என்ற பேச்சே இல்லை. ஓட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மைல், புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு! 46 பேர் வந்தார்கள். பின்தங்கியவர்கள் நீந்தி வருவதற்குள் இருட்டிவிட்டது. கார்களைக் கரையில் நிறுத்தி, முகப்பு விளக்கு போட்டு வழி காட்டினார்கள். கடைசியாக வருபவனுக்காக விளக்கேற்றி நின்ற பந்தயம், தம்பி, அது!

அதில் ஓடிய ஜான் காலின்ஸ், ஜூடி இணையர்தாம் ஹவாய்க்குச் சென்று, ஒரே நாளில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம் என்ற ‘இரும்பு மனிதன்’ பந்தயத்தை 1978-இல் தொடங்கினார்கள். 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தனர். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். பட்டத்து இளவரசர் அல்லர், டாக்சி ஓட்டியவர்!

ஆகவே கேட்கிறேன். சாதாரண சைக்கிளுக்கென்று தனிப் பிரிவு வைத்தால் என்ன? எந்தக் குப்பத்துக் கடலில் நீந்துகிறோமோ, அந்தக் குப்பத்து இளைஞர் பத்துப் பேருக்குக் கட்டணமின்றி எண் கொடுத்தால் என்ன? கட்டிட வேலைத் தோழர்களுக்கு அலையும் ஆழமும் பழக, நகராட்சி நீச்சல் குளம் வாரத்தில் ஒரு மாலை திறந்திருந்தால் என்ன? எல்லாம் சேர்ந்தாலும், பந்தயத்தில் நின்ற விலையுயர்ந்த வண்டி ஒன்றின் விலையை எட்டுமா?

நடத்தியவர்களிடம் இதை நேரிலேயே சொன்னேன். கவனித்துக் கேட்டார்கள். “எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு கரைக்குப் போய் அந்த இளைஞனைத் தேடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு நீ வருகிறாயா, என் சைக்கிளைத் தருகிறேன் என்றேன். யோசித்தான்.

“ஓடறதுக்கு ஷூ வேணுமே, அண்ணே.”

சான்டியேகோ கதையைச் சொன்னேன். எழுந்துவந்து, என் வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தான். “செயினுக்கு எண்ணெய் விடுறதே இல்லியா? இதுல யாரு வந்தாலும் கடைசிதான்” என்று சொல்லிவிட்டு, படகு எஞ்சினுக்கு வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை எடுக்கப் போனான்.