திருப்பணி முடியாமல் கும்பாபிஷேகம் இல்லை, வீட்டுக்கும் அதே முறைதான்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பழைய டபுள் ஸ்டோரி வீடு வாங்கியவங்க, வாங்கப் போறவங்க தயவு செய்து கடைசி வரைக்கும் படிங்க. வீட்டுல மகனோ மகளோ முதல் வீடு தேடிக்கிட்டு இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பழைய வீடு வாங்கியவர்கள் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறிக்கும் முன்னால் கூரை வேலை தெரிந்தவரையும் வயர்மேனையும் கூப்பிட்டு வீட்டைக் காட்ட வேண்டும். நாளை முதலில் குறித்துவிட்டு, அந்த நாளுக்காக ரிப்பேரை ஓட்டுவது தப்பு. கோயில் தொண்டர்களாகிய நாங்களே இப்படிச் சொல்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். கோயிலில் இருப்பதால்தான் சொல்கிறோம்.

கோயிலில் நாம என்ன செய்யிறோம்? 12 வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம். அதற்கு முன்னால் பாலாலயம் செய்து, திருப்பணி ஆரம்பிக்கிறோம். விமானத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி, விரிசலை அடைத்து, மேல்தளத்தில் தண்ணீர் இறங்காமல் பூசி, வயரிங்கைப் பார்த்து, அப்புறம்தான் வர்ணம். எல்லாம் முடிகிற நேரத்தில்தான் கும்பாபிஷேகம். ஒழுகுகிற மண்டபத்துக்கு வர்ணம் மட்டும் அடித்து யாராவது தேதி வைத்தால் நாமே கமிட்டியைக் கேள்வி கேட்போம். சாமி வீட்டுக்கு அந்த முறை. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் தலைகீழ்?

எங்களுக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. நம்மில் நிறைய குடும்பங்களுக்குச் சொந்தக் கூரை என்பது இந்தத் தலைமுறையில்தான் வந்தது. தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தாங்க. கூரை ஒழுகினா கிராணிகிட்ட சொல்லணும், நிர்வாகம் செய்தா உண்டு, இல்லாட்டி சட்டியை வைச்சுப் பிடிக்கணும். அப்புறம் பட்டணத்துக்கு வந்து வாடகை வீடு. அங்கே வீட்டுக்காரர். அடுக்குமாடியில் இருந்தவங்களுக்கு மேனேஜ்மென்ட். எங்கேயும் கூரை அடுத்தவர் பொறுப்பு. ஒரு வீட்டைப் பராமரிக்க வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. இது யாருடைய குறையும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வந்தாச்சு.

முதலில் காசுக் கணக்கு. 400,000 வெள்ளி வீடு என்றால், 90 விழுக்காடு கடன் கிடைத்தாலும் 40,000 வெள்ளி நம்ம கையில் இருந்து போகும். அதற்கு மேல் வழக்கறிஞர் செலவு, மதிப்பீட்டுச் செலவு. இத்தனையும் கட்டின பிறகு மிச்சம் இருக்கிற காசுக்குத்தான் மூன்று பேர் போட்டி போடுகிறார்கள்: கூரை, கிச்சன் கேபினட், விருந்து. கூரைக்கு வாய் இல்லை. கேபினட்டும் விருந்தும் சொந்தக்காரர்கள் கண்ணில் படும். அதனால் ஒவ்வொரு முறையும் கூரை தோற்றுப் போகிறது. ஊழியர் சேமநிதியில் வீடு வாங்க எடுக்கலாம், ஆனால் வீட்டுக்கான அந்தப் பணம் வாங்குவதற்கும் கட்டுவதற்கும்தான், பழுது பார்க்க இல்லை. இதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புது வீட்டுக்கு மேம்பாட்டாளர் 24 மாதம் பழுதுக்குப் பொறுப்பு. கைமாற்றி வாங்கிய பழைய வீட்டுக்கு அது கிடையாது. வீட்டு வாங்குவோர் தீர்ப்பாயமும் மேம்பாட்டாளர் மீது கோருவதற்குத்தான். பழைய வீடு பொதுவாக "இருக்கிறது இருக்கிறபடி" என்றுதான் கைமாறுகிறது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஒழுகுகிற ஒவ்வொரு சொட்டும் நம்முடையது. அதனால் கையெழுத்துப் போடும் முன்னாலேயே, முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள், விவரம் தெரிந்த ஒருவரோடு போய்ப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கண்டுபிடித்த பழுதைச் சொல்லி விலையைப் பேசலாம், வேண்டாம் என்று எழுந்தும் வரலாம்.

சரி, வாங்கியாச்சு. எதை முதலில் செய்வது? எங்கள் கருத்தில் இந்த வரிசை.

1. மேலே இருந்து வரும் தண்ணீர்.
கூரை ஓடு, இரண்டு சரிவும் சேருகிற இடத்தில் உள்ள தகரத் தகடு, சுவரும் கூரையும் சேரும் ஓரம். பழைய தெரஸ் வீட்டில் ஒழுகல் பெரும்பாலும் இங்கேதான். வெறும் சிலிகான் தடவிவிட்டுப் போனால் அடுத்த பெரிய மழைக்குத் திரும்ப வரும். கூரை சரியாகாமல் பிளாஸ்டர் சீலிங் போட்டால் அது காசை ஊற வைக்கிற வேலை. பழைய சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். செலவு மிச்சம் என்று மச்சான், தம்பி எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் மாதிரி உடைக்காதீங்க.

2. மின்சாரம்.
மீட்டர் வரைக்கும்தான் மின் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயர் நம்முடையது. 30, 40 வருஷத்துக்கு முன் ஒரு ஃபேனும் நாலு விளக்கும் கணக்குப் போட்டு இழுத்த வயரில் இன்றைக்கு மூன்று ஏர்கோன், இரண்டு ஹீட்டர் ஓட்டுகிறோம். மின் ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை வைத்துப் பாருங்கள், அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டிபி பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறதா? ஆகவில்லை என்றால் வேறு எதற்கும் முன்னால் அதை மாற்றுங்கள். ஷவர் ஹீட்டரில் கை வைக்கப் போவது நம்ம பிள்ளைகள்.

3. கரையான்.
கரையானுக்கு மருந்து அடிப்பவர்கள் பல சமயம் சுவர் ஓரமாகத் தரையைத் துளை போட்டு மண்ணுக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். புது டைல்ஸ் போட்ட பிறகு கரையான் தெரிந்தால் அந்தப் புது டைல்ஸில்தான் ஓட்டை விழும். கூரை மரம், கதவு நிலை, மாடிப்படிக்குக் கீழே, இங்கெல்லாம் தட்டிப் பாருங்கள்.

4. குழாய்.
பழைய இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துக் குறுகிப் போயிருக்கும். ராத்திரி படுக்கப் போகும் முன் எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன் பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கேயோ கசிகிறது. மாடி பாத்ரூம் கசிந்தால் கீழ் ஹாலின் சீலிங்கில் மஞ்சள் கறை வரும். அதற்கு மேலே வெள்ளை அடிக்காதீங்க. பாத்ரூம் தரையைப் புதுசா வாட்டர்ப்ரூஃப் செய்தால், டைல்ஸ் போடும் முன் தண்ணீர் தேக்கி 24 மணி நேரமாவது கீழே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

5. இதெல்லாம் முடிந்த பிறகு டைல்ஸ், பெயிண்ட், கேபினட், பூஜை அறை கதவு.

இந்த வரிசைக்குக் காரணம் எளிது. வயரும் குழாயும் சுவரை வெட்டித்தான் போகும். பெயிண்ட் அடித்த சுவரை வெட்டினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு.

விரிசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடி அளவு விரிசல் எல்லாத்துக்கும் பயப்பட வேண்டாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலில் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். சில மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடினாலோ, சாய்வாகப் பெரிதாகிக்கொண்டே போனாலோ பதிவு பெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதே போல, வாஸ்து சரியில்லை என்று யாராவது சொன்னவுடன் சுவரை உடைக்காதீங்க. டபுள் ஸ்டோரி வீட்டில் கீழ்ச் சுவர் மேல் மாடியைத் தாங்கிக்கொண்டு இருக்கலாம். அந்த மாதிரி வேலைக்கு ஊராட்சி மன்ற அனுமதி வேணும், பொறியாளர் வேணும். தெரஸ் வீட்டில் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அதனால் பக்கத்து வீட்டு மக்சிக்கிடமும் சீன அங்கிளிடமும் வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒழுகல் அவங்க பக்கத்துக் கூரையிலிருந்து வந்தால், சண்டை போட்டவரிடம் போய் ஏணி வைக்கக் கேட்க முடியாது.

இப்போ தேதி விஷயத்துக்கு வருவோம். தேதி நெருங்க நெருங்க வீட்டுக்காரர் கை தாழ்ந்து போகும். அழைப்பு அனுப்பியாச்சு, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. காண்ட்ரெக்டர் "இன்னும் கொஞ்சம் காசு போடுங்க, முடிச்சிடலாம்" என்பார். வேறு வழி இல்லாமல் கொடுப்போம். வேலையைச் சரி பார்க்க நேரம் இருக்காது. விழா முடிந்த மறு வாரம் மழை பெய்யும். காண்ட்ரெக்டர் போன் எடுக்க மாட்டார். இப்படி எத்தனையோ குடும்பங்கள் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அவர் நம்ம ஆளு, கோயிலுக்கு வர்றவரு, காகிதம் எதுக்கு என்று கேட்பார்கள். நம்ம ஆளு என்பதால்தான் காகிதம் வேணும். இல்லாட்டி காசோடு உறவும் போகும். மூன்று பேரிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். "வீட்டு வேலை மொத்தம்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீங்க. எந்த வேலை, என்ன பொருள், எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். கட்டுமான வாரியத்தில், அதாவது சிஐடிபியில், பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்க நடக்கக் காசு. கடைசிப் பகுதியை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு கொடுக்கலாம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் அங்கே போய் நிற்க ரசீது வேணும், எழுத்து வேணும்.

காப்புறுதி விஷயத்திலும் ஏமாற வேண்டாம். வங்கி எடுக்கச் சொல்லும் கடன் காப்புறுதி, நாம இறந்துபோனா கடனுக்கு. அது கூரைக்கு இல்லை. சாதாரண தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, இவற்றோடு நின்றுவிடும். வெள்ளத்துக்கும் குழாய் வெடிப்புக்கும் வீட்டு உரிமையாளர் காப்புறுதி கேட்டு எடுக்க வேண்டும். பழசாகித் தேய்ந்துபோனதற்கும் கரையானுக்கும் எந்தக் காப்புறுதியும் காசு தரும் என்று நம்பி இருக்காதீங்க.

எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்விதான். "வாடகையும் கட்டி, வீட்டுத் தவணையும் கட்டி எத்தனை மாதம் தாங்குவது?" உண்மை. அதனால்தான் எல்லா வேலையும் முடித்துவிட்டுக் குடிபோங்க என்று நாங்கள் சொல்லவில்லை. கூரை, மின்சாரம், கரையான், இந்த மூன்றும் முடிந்தால் போகலாம். கேபினட் இல்லாமல் ஒரு மேசையும் அடுப்பும் வைத்துச் சமைக்கலாம், பழைய டைல்ஸ் மேல் நடக்கலாம். ஒழுகுகிற கூரையின் கீழே, பழுதான வயரோடு பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது.

"நல்ல நாள் போயிடுமே" என்பது அடுத்த கேள்வி. நல்ல நாளில் வீட்டு ஆட்கள் மட்டும் போய், விளக்கேற்றிப் பால் காய்ச்சிவிட்டு வாங்க. அது போதும். ஊரைக் கூட்டி விருந்து வைப்பது ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து, வேலை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ளாது. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் கூடுதலாக ஒரு பாயசம் போட்டுச் சமாளிக்கலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். வீட்டு ரிப்பேருக்காக ஆலோங்கிடம் போகாதீங்க. கூரைக்கு வாங்கின கடனுக்காகக் கூரையையே விட்டுப் போகிற நிலை வேண்டாம். காசு இல்லை என்றால் ஆபத்தானதை மட்டும் செய்யுங்கள், பழுதான லைனை வயர்மேனை வைத்துத் துண்டித்து வையுங்கள், மற்றதைத் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஏகேபிகே அலுவலகத்தில் கடன் ஆலோசனை இலவசம். வெட்கப்பட வேண்டாம். குடியேறிய பிறகு, முடிந்த தொகையை மாதா மாதம் வீட்டுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். கோயிலுக்குத் திருப்பணி நிதி இருக்கிற மாதிரி வீட்டுக்கும் ஒன்று.

நம்ம பக்தர்களில் வயர்மேன், பிளம்பர், கூரை வேலை, பொறியியல் தெரிந்தவங்க நிறைய பேர் இருக்கீங்க. பழைய வீடு பார்க்கப் போகிற ஒரு குடும்பத்தோடு அரை நாள் கூடப் போய்ப் பார்த்துக் கொடுக்க முடிந்தவங்க கீழே கருத்தில் சொல்லுங்க. அன்னதானத்துக்குக் காய் வெட்டுகிற மாதிரி இதுவும் தொண்டுதான்.