கண்குழிக்குள் கிடக்கும் இரும்பு

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது, காயங்களும் ஆறிவிட்டன என்று மேடைகளில் முழங்குவோர் ஒருமுறை வன்னிக்குச் சென்று, காயப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். கண்குழிக்குள் ஷெல் துண்டைச் சுமந்தபடி வாழும் மனிதர்கள் இன்னமும் நம்மிடையே உள்ளனர்.

வைத்தியர்களை நான் குறைகூறவில்லை. பார்வை நரம்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் உலோகத்தை எடுக்க முனைந்தால் எஞ்சிய பார்வையும் பறிபோகலாம். தொல்லை தராதவரை விட்டுவைப்பதே பெரும்பாலும் முறை. 2009 பெப்ரவரி முதல் செஞ்சிலுவைக் கப்பல் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் காயக்காரரை ஏற்றிச்சென்ற நாட்களில் உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்தது. பிறகு வந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை.

விட்டுவைத்த துண்டு சும்மா கிடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கண்விழிக்குள்ளேயே இரும்பு தங்கிவிட்டால் அது மெல்லக் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். ஆண்டுகள் கழித்தும் பார்வை மங்கும். செம்பாயின் அழற்சி இன்னும் கடுமை. பதுங்குகுழியின் பனங்குற்றி சிதறிச் சிராய் ஏறியிருந்தால் சீழ்கட்டும். ஆறியதுபோல் மூடி, மீண்டும் புரையோடிக் கசியும். மரத்துண்டோ சி.ரி. ஸ்கானில் காற்றுக்குமிழிபோலத் தெரிந்து வைத்தியரையே ஏமாற்றிவிடும்.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஆபத்தானது. வேறேதோ நோய்க்காக அந்த இயந்திரத்துள் படுக்கவைத்தால், காந்தம் இழுக்க இரும்பு அசையக்கூடும். கண்ணுக்குள் கிடந்த சிறு உலோகத்துண்டு இவ்வாறு அசைந்ததால் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததை அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்று 1986இலேயே பதிவுசெய்திருக்கிறது. ஸ்கானுக்கு முன்னர் "உடம்பில் உலோகம் உண்டா?" என்று கேட்பார்கள்தான். 5 வயதில் காயப்பட்ட பிள்ளை என்ன பதில் சொல்லும்? தாய் உயிருடன் இல்லை. டயக்னோசிஸ் கார்ட் முகாமுக்கு முகாம் மாறியதில் தொலைந்துவிட்டது.

இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் 2018இல் நிறைவேறியது. காசு கொடுப்பதைப் பற்றி நிறையப் பேசினோம். நான் கேட்பது ஓர் அட்டை. எந்தக் கண், எவ்விடத்தில், எத்தனை மில்லிமீற்றர், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா கூடாதா என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையில் கொடுக்கும் அட்டை. மாவட்ட வைத்தியசாலையில் ஓர் எக்ஸ்ரேயும் ஒரு கண் பரிசோதனையும் போதும் தொடங்குவதற்கு. இதற்காக எவரும் ஜெனீவாவுக்குப் பயணச்சீட்டு வாங்கவேண்டியதில்லை.

"பலர் காயம்" என்று இரண்டு சொல்லில் செய்தியை முடித்துவிட்டு மறுநாள் வேறு தலைப்புக்குப் போன பத்திரிகைக்காரர்களில் நானும் ஒருவன். அந்தப் பலரில் எத்தனை பேர் இன்று எந்தக் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள் என்று நாங்களும் தேடிப்போகவில்லை.